பெரிய நிறுவனத்தில் கணினி இன்டர்ன்ஷிப்: அந்த 12 வாரங்களில் என்ன நடக்கிறது?

பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைத்த மாணவர்கள், சேர்வதற்கு முன்பு கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “எந்த நிரல் மொழியைப் படித்துக்கொண்டு போகலாம்?” சேர்ந்து மூன்று வாரம் ஆனதும் கேள்வி மாறிவிடுகிறது: “நான் எழுதிய கோடு (நிரல்) இருபது வரிகூட இன்னும் நிறுவனத்தின் நிரலுக்குள் போகவில்லை. என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?”

முதல் கேள்வியில் இருக்கும் எதிர்பார்ப்புதான் இரண்டாவது கேள்வியில் பயமாக மாறுகிறது. கல்லூரியில் ஒரு நிரலைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே எழுதுகிறார். அது ஓடினால் வேலை முடிந்தது. பெரிய நிறுவனத்திலோ, பல ஆண்டுகளாகப் பல ஆயிரம் பேர் எழுதிவைத்த நிரலுக்குள், வேறு எதுவும் உடையாமல், ஒரு சின்ன மாற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எழுதுவது அதில் சிறு பகுதி. மீதியெல்லாம் படிப்பது, கேட்பது, காத்திருப்பது, திருத்துவது. இதுதான் அங்கே வேலையே என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் மாணவர்கள்கூடத் தாங்கள் பின்தங்கிவிட்டதாக நினைத்துத் தவிக்கிறார்கள்.

## நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்?

படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் ஏற்பாடு பழையது. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் அதைப் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோதே இந்த முறையை அடித்தளமாக வைத்துக்கொண்டது; அங்கே பொதுவாக நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் வேலை. பெரிய கணினி நிறுவனங்களின் விடுமுறைக்கால இன்டர்ன்ஷிப் இதைவிடச் சற்றுக் குறுகியது, வழக்கமாக 10 முதல் 12 வாரம். கூகுளின் ஸ்டெப், மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்ப்ளோர் போன்ற திட்டங்கள் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கென்றே இருக்கின்றன. அங்கே எதிர்பார்ப்பும் அதற்கேற்றபடி இருக்கும்.

12 வாரத்தில் ஒரு மாணவர் செய்து முடிப்பதை, அதே குழுவில் உள்ள அனுபவமிக்க பொறியாளர் பல சமயம் இரண்டு மூன்று வாரத்திலேயே முடித்துவிடுவார். போதாக்குறைக்கு அந்தப் பொறியாளரின் நேரத்தில் ஒரு பங்கு மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் செலவாகிறது. அப்போதைய கணக்குப்படி நிறுவனத்துக்கு நஷ்டம்தான். தெரிந்தேதான் செய்கிறார்கள். நேர்காணலில் ஒருவரைச் சில மணி நேரம் மட்டுமே பார்க்க முடியும். இங்கே மூன்று மாதம் கூடவே உட்கார்ந்து பார்க்க முடிகிறது. நாளைக்கு நிரந்தர வேலைக்கு எடுக்கப்போகிறவரை இன்றே தெரிந்துகொள்வதற்கான செலவு அது.

இதை மனதில் வைத்தால் மூன்று முடிவுகள் தானாக வருகின்றன:

1. இன்டர்ன் கையில் கொடுக்கும் புராஜெக்ட், முடியாமல் போனாலும் யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லாதபடி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். “முக்கியமில்லாத வேலையைத் தள்ளிவிட்டார்கள்” என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

2. எவ்வளவு எழுதினீர்கள் என்பதைவிட எப்படி வேலை செய்தீர்கள் என்பதையே அதிகம் பார்க்கிறார்கள்.

3. பார்வை இரண்டு பக்கமும் உண்டு. இந்தக் குழு, இந்த மேனேஜர், இந்த வகை வேலை நமக்கு ஒத்துவருமா என்று மாணவரும் கவனிக்க வேண்டிய காலம் இது. பலர் இதை மறந்தே போகிறார்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கணினி நிறுவனங்கள் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுப்பதே வழக்கம். எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லியாவது “பதிவுக் கட்டணம்”, “பயிற்சிக் கட்டணம்” என்று மாணவரிடம் பணம் கேட்டால் அது மோசடி. அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

## உங்களைச் சுற்றி இருப்பவர்கள்

இன்டர்ன் ஒருவருக்கு முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர்: புராஜெக்ட்டையும் மதிப்பீட்டையும் தீர்மானிப்பவர், வாரம் ஒருமுறை தனியாகப் பேசுபவர். இன்னொருவர் மென்டர்: அன்றாடம் கேள்வி கேட்கக்கூடிய பொறியாளர், சில இடங்களில் ஹோஸ்ட் என்பார்கள், சில இடங்களில் பட்டி (தோழர்) என்பார்கள். மென்டருக்கு அவருடைய சொந்த வேலையும் இருக்கும். ஆனால் உங்களுக்கு நேரம் ஒதுக்குவதும் அந்த வேலையின் ஒரு பங்குதான். அவர் போகிற போக்கில் செய்யும் உதவியாக அதை நினைத்துத் தயங்க வேண்டாம்.

வேலைக்கு எடுத்த ரெக்ரூட்டர்தான் விடுப்பு, சம்பளம், அடுத்த ஆஃபர் (வேலைக்கான அழைப்பு) போன்ற விஷயங்களுக்கானவர். மேனேஜரோடு பேச முடியாத சிக்கல் வந்தாலும் முதலில் போகக்கூடிய இடம் அவர்தான்.

## முதல் இரண்டு வாரம்

லேப்டாப் வரும். உள்நுழைவதற்கான பாதுகாப்புச் சாவி வரும். கட்டாயப் பயிற்சி வீடியோக்கள் இருக்கும். அப்புறம் அனுமதிகள்: இந்தச் சர்வருக்கு ஒன்று, அந்தத் தரவுக்கு ஒன்று, கோடு படிக்க ஒன்று, மாற்ற இன்னொன்று. ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த நேரத்தில் குழுவின் பழைய ஆவணங்களையும் அண்மையில் சேர்க்கப்பட்ட மாற்றங்களையும் படிப்பவர்கள், பின்னால் வேகமாக நகர்கிறார்கள்.

அடுத்த அதிர்ச்சி அளவு. கூகுள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின்படி, 2015 ஜனவரியிலேயே அந்த நிறுவனத்தின் ஒற்றை ரெபாசிட்டரியில் (நிரல் முழுவதையும் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தில்) சுமார் 200 கோடி வரி கோடு, 90 லட்சம் மூலக் கோப்புகளில் இருந்தது. இதை முழுவதும் புரிந்துகொண்டவர் என்று எவருமே இருக்க முடியாது. பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் தன்னுடைய மூலை மட்டுமே தெரியும். மற்றதைத் தேடித்தான் கண்டுபிடிக்கிறார். எனவே, வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்கும் திறமைதான் இங்கே சோறு போடும். எல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதல் நாளே விட்டுவிடலாம்.

கருவிகளும் புதிதாக இருக்கும். நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி 2005-இல் வந்து உலகம் முழுவதும் பரவிவிட்டது. ஆனாலும் சில மிகப் பெரிய நிறுவனங்கள் சொந்தமாகச் செய்த கருவிகளையே முக்கியமாகப் பயன்படுத்துகின்றன. கூகுளின் அந்த ஒற்றை ரெபாசிட்டரி பைப்பர் என்ற அவர்களுடைய சொந்த அமைப்பில் இருக்கிறது. ஆனால் கிளை பிரிப்பது, மாற்றத்தைச் சமர்ப்பிப்பது, இருவர் ஒரே இடத்தை மாற்றும்போது வரும் முரண்பாட்டைத் தீர்ப்பது என்ற அடிப்படைகள் எங்கே போனாலும் கைகொடுக்கும்.

### கையெழுத்துப் போடும் காகிதங்கள்

படிக்காமலே பெரும்பாலோர் கையெழுத்திடும் பகுதி இது. நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதியும் இதுவே. இரண்டு விஷயங்கள் இருக்கும்.

முதலாவது, ரகசியக் காப்பு. உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. திரையைப் படம் பிடித்துப் போடுவது, கோடை உங்கள் சொந்த கிட்ஹப் (இணையத்தில் கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) கணக்கில் “நினைவுக்காக” வைத்துக்கொள்வது, இன்னும் வெளிவராத தயாரிப்பைப் பற்றி நண்பரிடம் பேசுவது எல்லாம் இதில் அடங்கும். ஏஐ கருவிகள் வந்தபின் இதில் புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2023-இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் ரகசியக் கோடைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்தது. அந்த ஆண்டு மே மாதம் நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. உங்கள் நிறுவனம் எந்த ஏஐ கருவியை அனுமதிக்கிறது என்று முதல் வாரமே மென்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. அனுமதித்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ரெவ்யூவில், அதாவது உங்கள் கோடை இன்னொருவர் படித்துப் பார்க்கையில், “இந்த வரி ஏன்?” என்று கேட்கும்போது பதில் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாவது, உரிமை. வேலைக்காலத்தில் வேலைக்காக எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில் செய்யும் பக்க வேலைகள் யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம், நாட்டுக்கு நாடு மாறும். ஏற்கெனவே ஏதாவது ஒரு செயலியோ திறமூலப் (எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்துவைத்த நிரல்) பங்களிப்போ இருந்தால், கையெழுத்துப் போடும்போதே அதை அறிவிக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவிடுங்கள்.

## நான்கு வரி மாற்றம் எப்படி ஒன்றரை வாரம் எடுக்கிறது

ஓர் உதாரணத்தை நெருக்கமாகப் பார்ப்போம். ஒரு செயலி பயனருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. பயனர் பெயரைப் பதிந்திருந்தால் “வணக்கம் கவிதா,” என்று வருகிறது. பதியாவிட்டால் “வணக்கம் ,” என்று இடைவெளியோடு காற்புள்ளி தொங்குகிறது. பெயர் இல்லாவிட்டால் “வணக்கம்,” என்று மட்டும் வர வேண்டும். இதுதான் இன்டர்னுக்குக் கொடுத்த டிக்கெட், அதாவது வேலைக் குறிப்பு. கல்லூரி வீட்டுப்பாடமாக இருந்தால் ஐந்து நிமிட வேலை.

1. தேடல். கோடில் “வணக்கம்” என்று தேடினால் கிடைக்காது. செயலி பல மொழிகளில் ஓடுவதால் வாக்கியங்கள் தனி மொழிபெயர்ப்புக் கோப்புகளில் இருக்கின்றன. பெயரை அதில் பொருத்தும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒரு பொது லைப்ரரியில் (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பில்) இருக்கிறது. அந்த லைப்ரரி வேறொரு குழுவுடையது. இன்னும் ஆறு செயலிகள் அதை நம்பியிருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை நாள்.

2. முடிவு. லைப்ரரியையே திருத்துவதா, நம் செயலியில் மட்டும் ஒட்டுப் போடுவதா? ஒட்டுப் போட்டால் இன்றே முடியும், ஆனால் மற்ற ஆறு செயலிகளிலும் அதே பிழை இருந்துகொண்டே இருக்கும். லைப்ரரியைத் திருத்தினால் அந்தக் குழுவின் சம்மதம் வேண்டும். இங்கே மென்டரைக் கேட்காமல் தானே ஒரு பக்கம் ஓடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. மென்டர் லைப்ரரியைத் திருத்தச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

3. எழுதுதல். அரை மணி நேரம். கூடவே யூனிட் டெஸ்ட், அதாவது அந்தச் சிறு பகுதி சரியாக நடக்கிறதா என்று சோதிக்கும் கோடு: பெயர் இருந்தால், இல்லாவிட்டால், காலியாக இருந்தால். டெஸ்ட் கோடு, உண்மையான கோடைப்போல மூன்று மடங்கு இருக்கும். அது சரிதான்.

4. ரெவ்யூ. மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் உள்ளே சேர்க்க முடியாது. ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் 1976-இல் இத்தகைய முறையான கோடு ஆய்வைப் பற்றி எழுதினார். அப்போது அறையில் கூடி உட்கார்ந்து செய்தார்கள், இப்போது திரையில் வரிக்கு வரி குறிப்பு எழுதுகிறார்கள். நம் நான்கு வரிக்கு வரும் குறிப்புகள் இப்படி இருக்கலாம்:

“பெயரில் வெறும் ஸ்பேஸ் மட்டும் இருந்தால் என்ன ஆகும்?”

“காலியா என்று பார்க்கும் ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமே.”

“பெயர் முன்னால் வரும் மொழிகளில் இது சரியாக வருமா?”

“நிட்: வேரியபிள் பெயர் கொஞ்சம் தெளிவாக இருக்கலாம்.”

முதல் குறிப்பு உண்மையான பிழையைப் பிடித்திருக்கிறது. இரண்டாவது, இந்தக் கோடுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பழகியவருக்குத்தான் தெரியும். மூன்றாவதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மட்டும் யோசித்த எவருக்கும் தோன்றியிருக்காது. ‘நிட்’ என்று தொடங்குவது சின்ன யோசனை. மாற்றினால் நல்லது, மாற்றாவிட்டாலும் தடை இல்லை.

5. தானியங்கிச் சோதனை. சமர்ப்பித்ததும் ஆயிரக்கணக்கான டெஸ்டுகள் ஓடும். நம் மாற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று சிவப்பாக நிற்கும். சில சமயம் தேறி, சில சமயம் தோற்கும் இத்தகைய டெஸ்டை ஃபிளேக்கி என்கிறார்கள். “என்னால் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா?” என்று கண்டுபிடிக்க அரை நாள். இந்த அரை நாளில் கற்றுக்கொள்வது அதிகம்.

6. காத்திருப்பு. லைப்ரரி குழு வேறு நேர மண்டலத்தில் இருக்கிறது. ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு நாள். மூன்று சுற்று, மூன்று நாள்.

7. வெளியீடு. சேர்த்தவுடன் எல்லோருக்கும் போய்விடாது. மாற்றம் ஃபிளாக் என்ற ஒரு சுவிட்சுக்குப் பின்னால் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். முதலில் 1% பயனர்களுக்குத் திறந்து, பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு 10%, பிறகு எல்லோருக்கும்.

கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வாரம். யாரும் சோம்பி உட்காரவில்லை. நம் செயலியோடு மற்ற ஆறு செயலிகளின் மின்னஞ்சல்களும் சரியாகிவிட்டன. மூன்றாவது வாரத்தில் “இருபது வரிகூடப் போகவில்லை” என்று கலங்குபவர், பெரும்பாலும் இந்தப் பாதையின் நான்காவது, ஐந்தாவது படியில் நின்றுகொண்டிருக்கிறார்.

காத்திருக்கும் நேரத்தைச் சும்மா விடக்கூடாது. கையில் எப்போதும் இரண்டு வேலை இருந்தால், ஒன்று ரெவ்யூவில் நிற்கும்போது மற்றதைத் தொடரலாம். மாற்றங்களைச் சின்னச் சின்னதாக அனுப்புவதும் இதனால்தான்: நூறு வரியை ஒருவர் அன்றே படித்துவிடுவார்; ஆயிரம் வரியை நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப்போடுவார்.

ரெவ்யூவில் முப்பது குறிப்புகள் வந்தால் மனம் சுருங்கும். முதல் மாற்றத்துக்கு அது சாதாரணம். குறிப்புகள் கோடைப் பற்றியவை, ஆளைப் பற்றியவை அல்ல. ஒரே குறிப்பு நான்காவது முறையாகவும் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

## பெரிய புராஜெக்ட்

பயிற்சிக்கான சின்ன மாற்றங்களுக்குப் பிறகு முக்கியப் புராஜெக்ட் வரும். குழுவுக்கான உள்கருவி, கண்காணிப்பு டேஷ்போர்டு, பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரு பகுதியை மாற்றுவது, ஒரு யோசனை பலிக்குமா என்று பார்க்கும் முன்மாதிரி என்பவை வழக்கமான வகைகள். பயனர் கண்ணில் படும் வசதியாகவும் அமையலாம், ஆனால் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

பல இடங்களில் கோடு எழுதும் முன் டிசைன் டாக்குமென்ட் கேட்பார்கள். என்ன பிரச்சினை, என்ன வழிகள், ஏன் இந்த வழி, எதைச் செய்யப்போவதில்லை என்று நான்கைந்து பக்கம். மாணவர்கள் இதைச் சடங்காக நினைத்து அவசரமாக எழுதிவிடுகிறார்கள். என் பார்வையில் 12 வாரத்தில் மிக மதிப்புள்ள நாட்கள் இதை எழுதும் நாட்கள்தான். “எதைச் செய்யப்போவதில்லை” என்ற பகுதி குறிப்பாக முக்கியம். ஏனென்றால் இன்டர்ன் புராஜெக்டுகள் முடியாமல் போவதற்குப் பொதுவான காரணம், நடுவில் நல்ல யோசனைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வேலை பெருத்துவிடுவது.

கணக்கு எளிது. 12 வாரத்தில் முதல் இரண்டு வாரம் அறிமுகத்துக்கு. கடைசி ஒரு வாரம் விளக்கக்காட்சிக்கும் ஒப்படைப்புக்கும். டிசைனுக்கு ஒரு வாரம், நோய், விடுமுறை, எதிர்பாராத தடைகளுக்கு ஒரு வாரம். மிஞ்சுவது ஏழு வாரம். ஏழு வாரத்தில் முடிக்க முடியாததை ஆறாவது வாரத்திலேயே மேனேஜரிடம் சொல்லிச் சுருக்கிக்கொள்வது திறமைக்கு அடையாளம். பதினோராவது வாரத்தில் சொன்னால் அதே செய்தி வேறுவிதமாகக் கேட்கும்.

சில புராஜெக்டுகள் முடிந்தும் பயன்பாட்டுக்கு வராது. குழுவின் முன்னுரிமை மாறும், மேலே ஏதாவது ஒரு முடிவு மாறும். மாணவருக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் மதிப்பீட்டில் அது மாணவரின் குறையாக எழுதப்படுவதில்லை.

## எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

இன்டர்ன்களின் மதிப்பீட்டில் மீண்டும் மீண்டும் வரும் குறை இரண்டு. ஒன்று, மூன்று நாள் ஒரே இடத்தில் சிக்கி யாரிடமும் சொல்லாமல் இருந்தது. இன்னொன்று, ஐந்து நிமிடம்கூடத் தானே பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் கேட்டது. முதல் குறைதான் அதிகம், அதுதான் பெரிய தீங்கும். புதிய இடத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் கேட்டுவிடலாம் என்பது பொதுவாக ஒத்துவரும் அளவு.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு செய்திகளைப் பாருங்கள் (எழுதிய கோடை ஓடும் நிரலாக மாற்றுவதுதான் பில்ட்).

“பில்ட் ஓடவில்லை. என்ன செய்வது?”

“பில்ட் ‘அனுமதி இல்லை’ என்று நின்றுவிடுகிறது. செட்அப் பக்கத்தில் மூன்றாவது படி வரை சரியாக வந்தது. என் கணக்கு இன்னும் குழுப் பட்டியலில் சேரவில்லை என்று நினைக்கிறேன், கோரிக்கை அனுப்பிவிட்டேன். வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? அதுவரை டிசைன் டாக்குமென்ட்டைத் தொடர்கிறேன்.”

இரண்டாவதற்கு மென்டர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். முதலாவதற்கு அவர் நான்கு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். கிடைத்த பதிலைக் குழுவின் ஆவணத்தில் சேர்த்துவிட்டால் அடுத்து வருபவருக்கும் உதவும். இன்டர்ன் ஒருவர் முதல் வாரத்திலேயே செய்யக்கூடிய உண்மையான பங்களிப்பு அது.

## தவறு நடந்தால் யார் பொறுப்பு?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. “ஏதாவது அழிந்துவிட்டால்?”

2021 ஜூனில் எச்.பி.ஓ. மேக்ஸ் என்ற வீடியோ சேவையின் சந்தாதாரர்கள் பலருக்கு ஒரு காலி சோதனை மின்னஞ்சல் போனது. தலைப்பு “இன்டக்ரேஷன் டெஸ்ட் ஈமெயில் எண் 1”. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆமாம், இன்டர்ன்தான் அனுப்பினார், அவருக்கு நாங்கள் துணையாக இருக்கிறோம் என்றும் சொன்னது. பெயர் சொல்லவில்லை. அனுபவசாலிகள் பலர் தங்கள் பெரிய பிழைகளைப் பொதுவெளியில் எழுதி அந்த இன்டர்னுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2021 பிப்ரவரியில், இன்னொரு வகை பதிலையும் உலகம் கேட்டது. பெரிய இணையத் தாக்குதலுக்கு உள்ளான சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணையில், “சோலார்விண்ட்ஸ்123” என்ற பாஸ்வேர்டு வெளியே தெரிந்தது ஓர் இன்டர்ன் செய்த தவறு என்றார். அது கிட்ஹப்பில் எவரும் பார்க்கும்படி நீண்ட காலம் கிடந்தது. ஓர் இன்டர்ன் அப்படிப்பட்ட பாஸ்வேர்டை வைக்க முடிகிறது, அதை யாரும் கவனிக்கவில்லை என்றால், பழுது நடைமுறையில் இருக்கிறது. அதை மாணவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

நன்றாக நடத்தப்படும் குழுக்கள் இதை அறிந்திருக்கின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற தரவுச் சேமிப்புச் சேவை சில மணி நேரம் முடங்கி, இணையத்தில் ஏராளமான தளங்கள் நின்றன. காரணம், அனுமதி பெற்ற ஓர் ஊழியர் கட்டளை ஒன்றில் ஒரு மதிப்பைத் தவறாகக் கொடுத்தது. நினைத்ததைவிட அதிகச் சர்வர்கள் விலகிவிட்டன. அமேசான் செய்தது கருவியைத் திருத்தியது: சர்வர்களை இனி மெதுவாகத்தான் விலக்க முடியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவும் முடியாது. இப்படிக் குற்றவாளியைத் தேடாமல் ஓட்டையைத் தேடும் முறைக்குப் பழிசுமத்தாத போஸ்ட்மார்ட்டம் என்று பெயர்.

மாணவர் செய்ய வேண்டியது:

1. உடைந்தது தெரிந்த நொடியே சொல்லுங்கள். தானே சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்த ஒரு மணி நேரம்தான் பிறகு கேள்விக்குள்ளாகும்.

2. என்ன கட்டளை கொடுத்தீர்கள், எப்போது, என்ன பார்த்தீர்கள் என்று எழுதிவையுங்கள்.

3. பாஸ்வேர்டையோ சாவியையோ கோடுக்குள் எழுதாதீர்கள். தவறிப்போய் எழுதிச் சமர்ப்பித்துவிட்டால் வரியை அழித்தால் போதாது. பழைய பதிப்புகளில் அது இருக்கும். சாவியையே மாற்றச் சொல்ல வேண்டும்.

## மதிப்பீடும் அடுத்த ஆஃபரும்

பாதிக் காலத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு மதிப்பீடுகள் வழக்கம். பாதிக்கால மதிப்பீட்டை மாணவர்கள் சடங்காகவோ தீர்ப்பாகவோ பார்க்கிறார்கள். மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்போது கிடைக்கும் ஒரே எழுத்துபூர்வத் தகவல் அது. “நன்றாகப் போகிறது” என்று மட்டும் மேனேஜர் சொன்னால், “இன்றே முடிவு எடுக்க வேண்டியிருந்தால் ஆஃபர் கொடுப்பீர்களா? தயக்கம் இருந்தால் எதில்?” என்று நேராகவே கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பார்ப்பவை பெரும்பாலும் இவைதான்: கோடு நம்பத்தக்கதா, சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தாரா, முடியாதபோது முன்கூட்டியே சொன்னாரா, ஒருமுறை சொன்ன திருத்தம் அடுத்த முறை தானாக வந்ததா, போகப்போகக் கைப்பிடித்து நடத்த வேண்டிய தேவை குறைந்ததா.

இவையெல்லாம் நன்றாக இருந்தும் ஆஃபர் வராமல் போகலாம். ஆஃபருக்கு இரண்டு கதவுகள்: மாணவரின் செயல்பாடு ஒன்று, அடுத்த ஆண்டுக்கான காலியிடங்கள் இன்னொன்று. இரண்டாவது மாணவர் கையில் இல்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000-க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் சுமார் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் நல்ல மதிப்பீடு பெற்றவர்களுக்கும் இடம் இல்லாமல் போவது நடக்கும். அதனால் இன்டர்ன்ஷிப் முடிவதற்குள்ளேயே வேறு நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்து வைப்பது துரோகமல்ல, விவேகம்.

## போகும் முன் எதைப் படிக்கலாம்?

மொழி இரண்டாம்பட்சம். ஒரு மொழியில் நன்றாகப் பழகியவர் இன்னொன்றை வேலையினூடே பிடித்துக்கொள்வார். அதைவிடப் பயன்படுபவை: கிட்டில் முரண்பாடு வந்தால் பதறாமல் தீர்ப்பது, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) சரளமாக நடமாடுவது, பிரின்ட் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் டிபக்கரை (நிரலை வரி வரியாக நிறுத்திப் பிழை தேடும் கருவியை) பயன்படுத்துவது, யூனிட் டெஸ்ட் எழுதுவது. எல்லாவற்றுக்கும் மேல், பிறர் எழுதிய கோடைப் படிப்பது. நடுத்தர அளவுள்ள ஒரு திறமூலத் திட்டத்தை எடுத்து, அதில் ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட ஒரு பிழையைத் தேர்ந்து, திருத்தத்தைப் பார்க்காமல் எங்கே பழுது என்று தேடிப் பாருங்கள். பிறகு உண்மையான திருத்தத்தோடு, அதற்கு வந்த ரெவ்யூ குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். வேலையில் செய்யப்போவதும் ஏறக்குறைய இதுவே.

## கடைசி வாரம்

விளக்கக்காட்சி இருக்கும். என்ன கட்டினீர்கள் என்பதற்கு முன், யாருக்கு என்ன தொல்லை இருந்தது என்று தொடங்கினால் மற்றக் குழுக்காரர்களுக்கும் புரியும். டெமோவை நேரடியாக ஓட்டுவதென்றால் பதிவுசெய்த வீடியோ ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் ஒப்படைப்பு. நீங்கள் போனபின் அந்தக் கோடை யார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் சொல்லி முடிவாக வேண்டும். எப்படி ஓட்டுவது, எது பாதியில் நிற்கிறது, எந்த ஃபிளாக் இன்னும் அணைந்திருக்கிறது, தெரிந்தே விட்ட பிழைகள் எவை என்று ஓர் ஆவணம் போதும்.

கடைசி நாளில் கணக்குகள் மூடப்படும். மின்னஞ்சல், ஆவணங்கள் எதுவும் அதன்பின் கிடைக்காது. எனவே தொடர்பில் இருக்க விரும்புபவர்களின் சொந்த முகவரிகளை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் புராஜெக்ட்டைப் பற்றி எழுத நினைக்கும் வரிகளை மேனேஜரிடம் காட்டி, எதை வெளியே சொல்லலாம், எந்த எண்ணைப் போடலாம் என்று அங்கே இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.